பதினைந்தாம் எண் கட்டுரை

பிப்ரவரி 9

மதிப்புக்குரிய செயலாளர் அம்மாவுக்கு,

வணக்கம். தாங்கள் அனுப்பிய கட்டு நேற்றுப் பகலில் வந்து சேர்ந்தது. உறையின் மேல் பதினெட்டுக் கட்டுரைகள் என்று எழுதியிருந்தது. ஆயினும் எண்ணிப் பார்த்துக்கொண்டேன். பதினெட்டுதான். எல்லாவற்றிலும் பெயர் மறைக்கப்பட்டு எண் மட்டும் இருக்கிறது.

இந்த ஆண்டு நான் இவற்றைப் படித்து மதிப்பெண் போடலாமா கூடாதா என்பது எனக்கு விளங்கவில்லை. அதைக் கேட்கவே எழுதுகிறேன்.

ஓய்வு பெற்றபின் மகன் வீட்டில் இருக்கிறேன். மகனின் மகள் இந்த ஆண்டு பள்ளியை முடிக்கிறாள். சிட்டு என்று கூப்பிடுவோம். அவளுக்குக் கணிதம் படித்து ஆராய்ச்சிக்குப் போக ஆசை. மகன் போன வாரம் சாப்பிடும்போது தீர்த்துச் சொல்லிவிட்டான். “ஸ்காலர்ஷிப் கெடச்சா எந்த ஊருக்கு வேணா போய் என்ன வேணா படி, நான் குறுக்க நிக்க மாட்டேன். கெடைக்கலேன்னா இங்கயே அக்கவுண்ட்ஸ் படிச்சிட்டு வேலைக்குப் போ. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.” அவள் சரி என்று தலையை ஆட்டினாள். எந்த உதவித்தொகை என்று அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. இளங்கலை மாணவர்களை ஆராய்ச்சிக்கென்றே படிக்கவைக்கும் உதவித்தொகை இந்தப் பக்கத்தில் தங்கள் அறக்கட்டளையினுடையதைத் தவிர வேறு எது இருக்கிறது?

அவளிடமே கேட்டுவிடலாம் என்றால், மதிப்பீட்டாளர் தாம் மதிப்பீட்டாளர் என்பதை வீட்டாருக்கும் சொல்லக்கூடாது என்பது தங்கள் விதி. இந்தக் கட்டு வந்தபோதுகூட, பழைய சக ஆசிரியர் அனுப்பிய பத்திரிகைகள் என்று மருமகளிடம் பொய் சொன்னேன். 

ஏழாம் எண் கட்டுரை, வாளியில் தண்ணீர் நிரம்ப நிரம்ப அதன் ஓசை ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்பதைப் பற்றியது. எங்கள் சிட்டு எதையும் தட்டிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டாள். டம்ளர், சன்னல் கம்பி, ஒருமுறை என் மூக்குக் கண்ணாடிக் கூடு. இது அவள் எழுதியதாக இருந்தால் நான் தொடக்கூடாது. இல்லையென்றால், தொடாமல் விடுவது யாரோ ஒரு பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். பாசத்தில் கூடப் போட்டுவிடுவேனோ, அப்படிப் போட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் குறைத்துவிடுவேனோ, தெரியவில்லை. என்ன செய்யட்டும்?

தங்கள் உண்மையுள்ள,
கணித மதிப்பீட்டாளர்

பின்குறிப்பு: உறையை ஒட்டியபின், கடிதத்தை உள்ளே வைத்தேனா என்று சந்தேகம் வந்து பிரித்துப் பார்த்தேன். ஒட்டு கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும்.


பிப்ரவரி 14

மதிப்பிற்குரிய சார்,

போன வருஷம் ஒரு பையனுக்கு அறுபத்து மூன்று போடுவதா அறுபத்து நான்கா என்று கேட்டு மூன்று கடிதம் எழுதினீர்கள். எங்கள் தலைவர் அதை இன்னும் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிச் சிரிக்கிறார். ஆனால் இந்த முறை நீங்கள் கேட்டிருப்பது சரியான கேள்வி. தலைவரிடம் வாசித்துக் காட்டினேன், சிரிக்கவில்லை.

முறை இதுதான். உங்கள் பேத்தியின் பெயரைத் தனித் தாளில் எழுதி அனுப்புங்கள். கட்டு முழுவதையும் திருப்பி அனுப்புங்கள். எந்த எண் எந்தப் பெயர் என்ற பட்டியல் என்னிடம் மட்டும் இருக்கிறது. நான் பார்க்கிறேன். உங்கள் பேத்தி விண்ணப்பித்திருந்தாலும் சரி, விண்ணப்பிக்காவிட்டாலும் சரி, கட்டிலிருந்து மூன்றை எடுத்துவிட்டு வேறு மூன்றை வைத்து அனுப்புவேன். ஆகவே எது போனது, ஏன் போனது என்று கணக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். போடுவீர்கள் என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

போன் செய்ய வேண்டாம். மதிப்பீட்டாளருடன் பேசுவது எல்லாம் எழுத்தில் பைலில் இருக்கவேண்டும் என்பது தலைவரின் பிடிவாதம். போனவாரம் ஒரு பேராசிரியர் ஆபீசுக்கே நேரில் வந்துவிட்டார். எதிரெதிரே உட்கார்ந்து சீட்டு எழுதி மாற்றிக்கொண்டோம். டீ கொண்டுவந்த பெண் எங்கள் இருவரையும் பார்த்த பார்வை இருக்கிறதே.

செயலாளர்


பிப்ரவரி 19

மதிப்புக்குரிய செயலாளர் அம்மாவுக்கு,

கட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பெயரைத் தனித் தாளில் எழுதி, தாளை நான்காக மடித்து, ஒரு சிறிய உறையில் இட்டிருக்கிறேன்.

அது என் தாயாரின் பெயர். குழந்தை பிறந்தபோது நான் வேறு ஊரில் வேலையில் இருந்தேன். அம்மாவின் பெயரை வைக்கவேண்டும் என்று மகனுக்கு எழுதினேன். வாழ்க்கையில் நான் யாரிடமும் எதையும் வேண்டும் என்று கேட்டதில்லை. அது ஒன்றுதான் கேட்டேன். அவனும், “அப்படியே செய்யலாம்பா” என்று பதில் போட்டான். ஆனால் அந்தப் பெயர் நீளம் என்பதால் வீட்டில் ஒருவரும் சொல்வதில்லை. நான் இங்கே வந்த நான்கு ஆண்டுகளில் சிட்டு, சிட்டு என்றே கேட்டுப் பழகிவிட்டது. தாளில் முழுப் பெயரை எழுதியபின் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

நேற்று அவள் கூடத்து மேசையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் எடுக்கப் போனேன். தாளின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

“தாத்தா, எட்டிப் பாக்காதீங்க.”

“நான் பார்க்கவில்லையம்மா.”

“பாக்கலேன்னா ஏன் ஃபில்டர் கிட்டயே நிக்கறீங்க? டம்ளர் நெறஞ்சு அரைமணி நேரம் ஆச்சு.”

அரைமணி ஆகியிருக்காது. ஆனாலும் நான் நின்றது உண்மை. இதைத் தங்களுக்குத் தெரிவிப்பது கடமை என்று நினைக்கிறேன். தாளில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியவில்லை.

கணித மதிப்பீட்டாளர்


பிப்ரவரி 26

சார்,

மூன்று போயின, மூன்று வந்தன. கட்டு இத்துடன் இருக்கிறது. மார்ச் பத்துக்குள் மதிப்பெண்களும், ஒவ்வொரு கட்டுரைக்கும் நான்கு வரிக் குறிப்பும் வேண்டும். குறிப்பை நாங்கள் டைப் செய்து விண்ணப்பித்த பிள்ளைக்கே அனுப்புவோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.

தண்ணீர் டம்ளர் விஷயத்தைப் பைலில் சேர்த்துவிட்டேன். வேறு வழியில்லை, நீங்கள் எழுத்தில் கொடுத்துவிட்டீர்கள்.

செயலாளர்


மார்ச் 8

மதிப்புக்குரிய செயலாளர் அம்மாவுக்கு,

மதிப்பெண்கள் இணைத்திருக்கிறேன். கூட்டலை மூன்று முறை சரிபார்த்தேன்.

கணக்குப் போடாதீர்கள் என்றீர்கள். ஆனால் கட்டைப் பிரித்ததும் ஏழாம் எண் இல்லாதது கண்ணில் பட்டுவிட்டது. கண்ணை மூடிக்கொண்டா பிரிக்க முடியும்? வாளிக் கட்டுரை போய்விட்டது என்றதும் எனக்குப் பெரிய நிம்மதி. இனி இருப்பவர்கள் எல்லோரும் அந்நியப் பிள்ளைகள் என்ற தைரியத்தில் நடுங்காமல் மதிப்பெண் போட்டேன். என் வாழ்நாளில் இவ்வளவு உறுதியாக நான் எதையும் செய்ததில்லை.

ஒன்றே ஒன்றில்தான் குழப்பம். பதினைந்தாம் எண். இது முதலிலேயே கட்டில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. வீட்டுக் கதவைப் பூட்டியபின் பூட்டை எத்தனை முறை இழுத்துப் பார்த்தால் போதும் என்று ஒரு பிள்ளை நிகழ்தகவுக் கணக்குப் போட்டிருக்கிறது. யாரோ ஒரு பெரியவர் தினமும் பூட்டைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கிறாராம். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி இழுக்கிறாராம். நான்கு முறைக்கு மேல் இழுத்தால் பூட்டைப் பற்றிய சந்தேகம் குறைவதில்லை, தாம் இழுத்தோமா என்ற சந்தேகம்தான் கூடுகிறது என்று எழுதிவிட்டு, “இது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை” என்று நிறுத்திவிடுகிறது. பக்கத்துக்குப் பக்கம் இப்படி ஒரு “தெரியவில்லை”.

இரண்டாம் பக்கத்தில், ஒவ்வொரு இழுப்பையும் மற்றதோடு தொடர்பில்லாத தனி நிகழ்வாக எடுத்துக்கொண்டிருப்பது பிழை. அது போகட்டும், இப்படி ஒரு மனிதர் இருக்க முடியுமா? நானும் வெளியே போகும்போது பூட்டை இழுத்துப் பார்ப்பவன்தான். ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. ஊகமே நம்பும்படி இல்லாவிட்டால் அதன்மேல் கட்டிய கணக்கை என்ன செய்வது? குறைவாகத்தான் போட்டேன். கட்டிலேயே அதுதான் மிகக் குறைவு. ராத்திரி படுத்தபின், அந்தப் பிள்ளை யாரோ, எந்த வீட்டில் எதை நம்பிக் காத்திருக்கிறதோ என்று தோன்றியது. அதிகக் கடுமையாக இருந்துவிட்டேனா? மாற்றலாமா?

கணித மதிப்பீட்டாளர்


மார்ச் 14

சார்,

பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லை. ஒவ்வொரு கட்டுரையையும் இன்னொருவரும் படிக்கிறார், அதற்காகத்தான் இரண்டு பேர். தூங்குங்கள்.

செயலாளர்


ஏப்ரல் 20

மதிப்புக்குரிய செயலாளர் அம்மாவுக்கு,

தங்கள் அலுவலகத்தில் ஒரு தவறு நடந்திருக்கிறது என்று அஞ்சுகிறேன். தவறு என்னுடையதாகவும் இருக்கலாம்.

சிட்டு தங்களிடம்தான் விண்ணப்பித்திருக்கிறாள் போலிருக்கிறது. ஏப்ரல் பிறந்ததிலிருந்து தபால்காரர் வரும் வேளையில் வாசலிலேயே நிற்கிறாள். “எனக்கு ஏதாவது இருக்கா அண்ணே?” என்று கேட்பாள். அவர், “கரண்டு பில்லு இருக்கு, வேணுமா?” என்பார். மகன் அக்கவுண்ட்ஸ் கல்லூரி விண்ணப்பத்தை வாங்கிவந்து அலமாரியின் மேல் வைத்துவிட்டான். ஒருவரும் அதைத் தொடவில்லை. எல்லோரும் அதைச் சுற்றி நடக்கிறோம்.

முந்தாநாள் அவள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டார்கள். தபாலில் தங்கள் அறக்கட்டளையின் முத்திரையோடு தடித்த உறை ஒன்று வந்தது. சிட்டுவுக்குத்தான் என்று ஓடிப்போய் வாங்கினேன். ஆனால் உறையின் மேல் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர். தலைப்பெழுத்து எங்கள் சிட்டுக்கு வருவதுதான். கதவு எண், தெரு எல்லாம் எங்களுடையவை. பெயர் மட்டும் இல்லை. மாடி வீட்டில் விசாரித்தேன். எதிர் வீட்டிலும், அடுத்த தெருவில் இதே கதவு எண் உள்ள வீட்டிலும் கேட்டேன். அப்படி ஒரு பெண் எங்கும் இல்லை.

யோசித்துப் பார்த்ததில், இரண்டு பிள்ளைகளின் முகவரிகளைத் தங்கள் அலுவலகத்தில் மாற்றி ஒட்டிவிட்டார்கள் என்று முடிவுக்கு வந்தேன். உறையின் தடிமனைப் பார்த்தால் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்திருக்கிறது என்று தெரிகிறது. கிடைக்காதவர்களுக்கு ஒரே தாள்தானே அனுப்புவீர்கள்? எங்கள் சிட்டுவின் ஒற்றைத் தாள் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போயிருக்கும். அந்தப் பெண் தனக்கு இல்லை என்று எண்ணி அழுதுகொண்டிருக்கும்.

இன்னொருத்திக்குக் கிடைத்த உறையைச் சிட்டு தன் வீட்டு வாசலில் பார்க்க வேண்டாம் என்று தோன்றியது. ஆகையால் அவள் திரும்பி வருவதற்குள் அதைப் பிரிக்காமல் பெரிய உறை ஒன்றில் இட்டு, பதிவுத் தபாலில் தங்களுக்கே அனுப்பிவிட்டேன். வீட்டில் ஒருவரிடமும் சொல்லவில்லை. ரசீது என்னிடம் இருக்கிறது. தாமதம் இல்லாமல் உரிய பெண்ணிடம் சேர்த்துவிடுங்கள்.

கணித மதிப்பீட்டாளர்


ஏப்ரல் 26

சார்,

உறை வந்தது. உங்கள் கடிதமும் வந்தது. இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

உடனே எழுந்து போய் உங்கள் மருமகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் பேத்தியின் பள்ளிச் சான்றிதழில் என்ன பெயர் இருக்கிறது?

பிப்ரவரியில் நீங்கள் கொடுத்த பெயர் என் பட்டியலில் எங்குமே இல்லை. விண்ணப்பிக்கவில்லை என்று நினைத்தேன். சொன்னபடி, கண்ணை மூடிக்கொண்டு ஏதோ மூன்றை உருவினேன். முகவரிகள் வேறு பைலில், தலைவரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன. உறைகளை ஒட்டுவது வேறு ஆள். பெயரை மட்டும் பார்த்தது என் தப்பு.

அந்தப் பெண் உங்கள் பேத்தியாக இருந்தால் இரண்டு சிக்கல். ஒன்று, சம்மதக் கடிதம் மே பதினைந்துக்குள் எங்களிடம் வரவேண்டும், ஆனால் சம்மதிக்கவேண்டிய உறை என் மேசையில் இருக்கிறது. இரண்டாவது பெரியது. நெருங்கிய உறவினர் மதிப்பெண் போட்ட தேர்வு செல்லாது என்று விதியில் இருக்கிறது. நான் இதைத் தலைவரிடம் கொண்டுபோகாமல் இருக்க முடியாது. கொண்டுபோக வேண்டாம் என்று நீங்கள் ஒரு வரி எழுதினாலும் அதையும் பைலில் சேர்க்கவேண்டியிருக்கும். அதனால் எழுதிவிடாதீர்கள்.

உங்களுக்குப் போய் இப்படி எழுதவேண்டியிருக்கிறதே.

செயலாளர்


ஏப்ரல் 30

அம்மா,

கேட்டேன்.

மருமகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சான்றிதழில் சிட்டுவின் பெயர் என்ன என்றதும் கையிலிருந்த சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

“யாரு சொன்னா மாமா உங்களுக்கு?”

“யாரும் சொல்லவில்லை. கேட்கிறேன்.”

“திட்டாதீங்க. பதினேழு வருஷமா சொல்லணும் சொல்லணும்னுதான் இருக்கேன். ஆஸ்பத்திரியில பேர் எழுத வந்தப்ப எனக்கு மனசு வரல. பெரியவங்க பேரு. உங்க அம்மா பேரச் சொல்லி, ‘ஏய் கழுதை, இங்க வாடி’ன்னு பிள்ளையக் கூப்பிட முடியுமா? திட்டாம வளக்க முடியுமா சொல்லுங்க! ‘வேற பேர் குடுத்துடு, அப்பாகிட்ட நான் மெதுவா சொல்லிக்கறேன்’னாரு உங்க பிள்ளை. இன்னும் மெதுவாத்தான் இருக்காரு.”

“நான்கு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறேன். ஒரு மதிப்பெண் அட்டைகூட என் கண்ணில் படவில்லையே.”

“பட்டுடக் கூடாதுன்னு அரிசி டின்னுக்குப் பின்னால வெச்சிருக்கேன் மாமா.”

சொன்னாள். உறையின் மேல் இருந்த அதே பெயர்.

உறை வந்ததையும் நான் திருப்பி அனுப்பியதையும் அதன்பின் மறைக்க முடியவில்லை. மதிப்பீட்டாளன் என்பதை மட்டும் சொல்லவில்லை. மருமகள் துணிக்குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். “கைக்கு வந்தத திருப்பி அனுப்பிட்டீங்களா? ஐயோ மாமா! ஊர்ல உள்ள எல்லார்கிட்டயும் கேட்டீங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே!” நான் என்ன சொல்வேன்? மாடி வீட்டில் கேட்டேன், எதிர் வீட்டில் கேட்டேன். என் வீட்டில் கேட்கவில்லை. கூடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த சிட்டு தன் அறைக்குப் போய்விட்டாள். இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. அலமாரியின் மேலிருந்த விண்ணப்பத்தை எடுத்து, பெயர் என்ற இடத்தை நிரப்பி வைத்திருக்கிறாள். இந்த முறை எட்டிப் பார்த்தேன். அந்தப் பெயரை அவள் கையெழுத்தில் முதல்முறையாகப் பார்த்தேன்.

பெயரைப் பற்றி எனக்குக் கோபம் வரவேண்டும். வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். யாரை நினைத்து இத்தனை வருடம் என் தாயார் பெயரைச் சொல்லி மனத்துக்குள் ஆசி சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதுதான் குழப்பமாக இருக்கிறது.

தலைவரிடம் கொண்டுபோங்கள். எந்த எண் அவளுடையது என்று நான் கேட்கவில்லை. நான் கூடப் போட்டிருந்தால், அவளுக்குக் கிடைத்தது என்னால் கிடைத்தது என்றாகிவிடும். குறைத்துப் போட்டிருந்தால் அதை நினைக்கவே முடியவில்லை. எதுவானாலும் என் மதிப்பெண்ணை அடித்துவிடச் சொல்லுங்கள். அதனால் அவளுக்குக் கிடைக்காமல் போனால் போகட்டும் என்று எழுத நினைத்தேன். மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். போகட்டும் என்று எழுத வரவில்லை. விதிப்படி செய்யுங்கள் என்று மட்டும் எழுதுகிறேன்.

கணித மதிப்பீட்டாளர்


மே 9

மதிப்பிற்குரிய சார்,

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடுவில் மயங்கி விழுந்துவிடுவீர்கள். தேர்வு நிற்கிறது. அவளுக்குத்தான்.

நேற்று ஆபீசில் கூட்டம். உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் தலைவர் பைலிலிருந்து எடுத்து வரிசையாக வாசித்தார், தண்ணீர் டம்ளர் உட்பட. ஒரு உறுப்பினர், “தாத்தாவே மார்க் போட்டிருக்கார், ரத்து பண்ணுங்க, பேச்சே வேண்டாம்” என்றார். தலைவர், “எவ்வளவு போட்டிருக்கார்னு பாத்தீங்களா?” என்று தாளை அவர் பக்கம் தள்ளினார். அவர் பார்த்தார். “இவர் தாத்தாவா, பங்காளியா?” என்றார்.

சார், உங்கள் பேத்தி பதினைந்தாம் எண்.

நீங்கள் போட்டது நாற்பத்தொன்று. இன்னொருவர் போட்டது எண்பத்தெட்டு. சந்தேகம் வந்ததுமே, ஏப்ரல் கடைசியில், கட்டுரையை வெளியூரில் மூன்றாம் ஒருவருக்கு அனுப்பியிருந்தோம். அவர் எழுபத்தொன்பது போட்டார். நீங்கள் கேட்டபடி உங்களுடையதை அடித்துவிட்டு இதை வைத்தால் விதிக்குப் போதும் என்று கூட்டம் ஒப்புக்கொண்டது. தேர்வான ஆறு பேரில் ஆறாவதாகத் தொங்கிக்கொண்டிருந்தவள் இப்போது இரண்டாவது. நீங்கள் அவளுக்குச் செய்த ஒரே உதவி, உங்கள் மதிப்பெண்ணை அடிக்கச் சொன்னது.

எண்பத்தெட்டு போட்டவரின் குறிப்பில் ஒரு வரி: “தெரியாத இடம் வந்ததும் பூசி மெழுகாமல் அங்கேயே நின்று, தெரியவில்லை என்கிறார். ஆராய்ச்சிக்கு இவரை அனுப்பலாம்.” இதை உங்களுக்குக் காட்ட எனக்கு அனுமதி உண்டா என்று தெரியவில்லை. யாரிடமும் கேட்கவும் போவதில்லை.

பழைய உறையையே பிரிக்காமல், சான்றிதழ்ப் பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். முத்திரை வைத்ததைத் திறந்து மாற்ற எனக்கு உரிமை இல்லை. ஆகவே உங்கள் நான்கு வரியும் மதிப்பெண்ணும் அதற்குள்ளேயே இருக்கின்றன. அடித்தது பற்றித் தனித் தாளை மேலுறையில் வைத்திருக்கிறோம். மதிப்பீட்டாளர் யார் என்பதை நாங்கள் சொல்லவில்லை. நீங்களும் சொல்லக்கூடாது. சம்மதக் கடிதத்துக்கு மே இருபத்தைந்து வரை நேரம்.

கேட்கவேண்டும் என்று இருந்தேன். அந்தக் கட்டுரையில் வரும் பெரியவர் யார் என்று உங்களுக்கு இன்னும் தோன்றவில்லையா?

செயலாளர்


மே 17

அன்புள்ள அம்மாவுக்கு,

சம்மதக் கடிதம் இத்துடன் இருக்கிறது. அவள் கையொப்பமும் மகனின் கையொப்பமும் சரியான இடத்தில் இருக்கின்றன. அக்கவுண்ட்ஸ் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் மருமகள் சலவைக் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டாள்.

உறை வந்த அன்று தபால்காரர் பெயரைப் படித்தார். “ஆமாம், எங்கள் வீட்டுப் பெண்தான்” என்று நானே முன்னால் போய்ச் சொன்னேன். அந்தப் பெயரையும் திருப்பிச் சொன்னேன், நாக்கில் சரியாக உட்காரவில்லை. இரண்டாம் முறை கொஞ்சம் பரவாயில்லை. அதுவரை முகம் கொடுக்காமல் இருந்த சிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, குறிப்புகளை உரக்கப் படித்தாள். எண்பத்தெட்டைப் படித்தாள். பிறகு நாற்பத்தொன்றை எடுத்தாள். “ஒரு பூட்டை இத்தனை முறை இழுத்துப் பார்க்கும் மனிதர் உலகில் இருக்க முடியாது. கட்டுரையாளர் நடைமுறை வாழ்க்கையைக் கவனித்து எழுதப் பழகவேண்டும்.” என் வரிகள். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். மகன், “யாரு இந்த ஆளு? நம்ம வீட்டுக்கு வந்ததே இல்ல போலிருக்கு” என்றான். அவனும் சிட்டுவும் என்னைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்கள்.

தங்கள் கேள்விக்கு விடை: தங்கள் கடிதம் கிடைத்தபோதே தோன்றியது. ஆனால் அன்று நம்பவில்லை. அந்த நிமிடம் நம்பினேன்.

மறுநாள் மாலை கட்டுரையை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தாள். “நீங்க கணக்கு வாத்தியார்தானே, நீங்க எத்தனை போடுவீங்கன்னு பாத்துச் சொல்லுங்க தாத்தா” என்றாள். மறுக்கத் தெரியவில்லை. யார் எழுதியது, யாரைப் பற்றி எழுதியது என்று தெரிந்துகொண்டே மறுபடி படித்தேன். வெகுநேரம் ஆயிற்று. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“ஐம்பத்தாறு” என்றேன். ஊகம் பற்றிய குறையை நீக்கியாகவேண்டும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அதற்கு மேல் மனம் வரவில்லை. வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன், அம்மா. வரவில்லை.

“சொந்தத் தாத்தாவே ஐம்பத்தாறா! எங்க கொறச்சீங்க?”

“இரண்டாம் பக்கம். ஒரு முறை இழுத்தது அடுத்த முறை இழுப்பதை மாற்றாது என்று எடுத்துக்கொண்டிருக்கிறாய். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல்முறை இழுத்த நினைவுதான் இரண்டாம் முறை இழுக்கவைக்கிறது.”

அவள் காலை ஆட்டுவது நின்றது. டைப் செய்த தாளை எடுத்து அதில் மூன்றாம் வரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி தாளைப் பார்த்தாள். நான் சன்னலைப் பார்த்தேன். எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“அந்த நாப்பத்தொண்ணு போட்டவரும் இதேதான் சொல்றாரு” என்றாள் மெல்ல.

நான் வாயைத் திறக்கவில்லை. விதியை மீறவில்லை என்றே நினைக்கிறேன். தாங்கள்தான் சொல்லவேண்டும்.

“அவர் யாருன்னு நமக்குத் தெரியாது தாத்தா. தெரியவும் வேண்டாம். ஆனா அவர் இங்க இருந்தார்னா ஒண்ணு கேப்பேன். தனித்தனின்னு எடுத்துக்கக் கூடாதுன்னா வேற எப்படித்தான் எடுத்துக்கறது? சந்தேகம் தன்னையே தின்னு வளருதுன்னா அதுக்குக் கணக்கு எழுதறது எப்படி?”

“அவருக்குத் தெரியாது” என்றேன்.

“சும்மா சொல்றீங்க.”

“இல்லையம்மா. வாழ்நாள் முழுவதும் கற்பித்திருக்கிறார். பிழை என்று காட்டத் தெரியும். திருத்தத் தெரியாது.”

“நெஜமாவே தெரியாதா?”

“நிஜமாகவே.”

 தாள்களை அடுக்கித் தட்டி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

“அப்ப நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்” என்றாள்.

தங்கள்,
கணித மதிப்பீட்டாளர்